ஏரிக்கு மூன்றரை மார்க்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், சேற்றைக் கிளறிப் பூச்சி பொறுக்குகிறேன் என்பேன். கேட்டவர் முகம் போகிற போக்கைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். தண்ணீர்ச் சோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருடமாக இதுதான் என் பிழைப்பு. பக்கத்து அறைக்காரர்கள் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, மருந்து கலந்து, நிறம் பார்த்துச் சொல்வார்கள். அது அந்த நிமிஷத்துத் தண்ணீர். போன வாரம் யாராவது எதையாவது கொட்டிவிட்டுப் போயிருந்தால் அதற்கு என்ன தெரியும்? ஏரியின் அடியில் குடியிருக்கும் பூச்சிக்கும் புழுவுக்கும் தெரியும். மீன் மாதிரி ஓடிப்போக அவற்றால் முடியாது. வருடம் முழுக்க அங்கேயே கிடந்து, வந்ததையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு, தாங்கினால் இருக்கும், தாங்காவிட்டால் போய்ச்சேரும். யார் யார் மிச்சம் இருக்கிறார்கள் என்று பார்த்தால் ஏரியின் வண்டவாளம் முழுக்கத் தெரிந்துவிடும்.

ஒவ்வோர் இனத்துக்கும் ஒன்று முதல் பத்து வரை மார்க் உண்டு. சாக்கடையிலும் சந்தோஷமாகக் குடும்பம் நடத்தும் சேற்றுப்புழுவுக்கு ஒன்று. சிவப்பாக நெளியும் குட்டிப் புழுவுக்கு இரண்டு. அட்டை, நத்தை, பட்டாணி அளவுச் சிப்பி, ஆளுக்கு மூன்று. வண்டுக்கு ஐந்து, ஊசித்தட்டானின் குஞ்சுக்கு ஆறு. தண்ணீர் கொஞ்சம் கெட்டாலும் செத்துப்போகும் சொகுசுக்காரர்களுக்கு ஏழு, எட்டு, பத்து. தலைகளை எண்ணுவதில்லை, இனங்களைத்தான் எண்ணுவோம். எல்லா மார்க்கையும் கூட்டிச் சராசரி எடுத்தால் அது ஏரி வாங்கிய மார்க்.

எங்கள் ஏரி ஏழு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. கரையில் இருந்த சலவை ஆலை அத்தனை கழிவையும் உள்ளே விட்டு, ஒரு கோடையில் மீனெல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தபோது கம்பி வேலி போட்டார்கள். ஆலைக் குழாயை அடைத்தும் ஐந்து வருடம் ஆகிவிட்டது. கிருமிச் சோதனையில் தேறி, அடிச்சேற்று உயிர்களின் சராசரியும் மூன்றரையைத் தொட்டால் வேலியை எடுப்போம் என்று நகரசபை சொல்லியிருந்தது. கிருமிச் சோதனை எப்போதோ தேறிவிட்டது. என் பூச்சிகள்தான் மூன்று புள்ளி மூன்றில் ஆணியடித்தாற்போல் உட்கார்ந்திருந்தன. இந்த வருடமும் தேறாவிட்டால் அடுத்த சோதனை மூன்று வருடம் கழித்துத்தான் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

ஊரில் வேறு யாருக்கு எப்படியோ, எங்கள் மாடியில் குடியிருக்கும் என் அக்காவுக்கு அது தலைபோகிற விஷயம். அக்கா நீச்சல் டீச்சர். வயது அறுபத்தொன்று, என்னைவிட எட்டு வயது பெரியவள். நீந்தக் கற்றுக்கொண்டது அந்த ஏரியில், வேலி விழுகிற வரைக்கும் தினமும் காலையில் நீந்தியதும் அதில்தான். இப்போது கூரை போட்ட குளத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். அந்தக் குளத்தை அவளுக்குக் கண்ணில் காட்டக் கூடாது.

"இருபது கை போட்டா சுவரு வந்துருது. இது நீச்சலா, இல்ல ரூமுக்குள்ள நடை பழகறதா?" என்பாள்.

அவளுடைய வலது தோள் வேறு கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டு வந்தது. மூன்று வருடம் கழித்து அந்தக் கை தலைக்கு மேலே போகுமா என்று டாக்டரே உதட்டைப் பிதுக்கினார். அதனால் மாடிப்படியில் என்னைப் பார்த்தாலே அக்காவுக்கு ஒரே கேள்விதான்: "என் ஏரி பாஸாடி?"

என் வீட்டுக்காரர் எங்கள் சோதனைக் கூடத்தில்தான் படகோட்டுகிறார். ஏரியின் நடுவே போய் இரும்பு வாளியை இறக்கிச் சேறு அள்ளி, சல்லடையில் அலசி, மிஞ்சியதைப் பாட்டிலில் போட்டு, கெடாமல் இருக்க ஸ்பிரிட் ஊற்றிக்கொண்டு வருவார். நான் அதை வெள்ளைத் தட்டில் கொட்டி, கிடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பெயர் எழுதுவேன். அவர் இறைப்பார், நான் பொறுக்குவேன். வீட்டிலும் அதே கதைதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நாலாவது பாட்டிலைத் தட்டில் கொட்டினேன். புழு, நத்தை, புழு, அட்டை. அப்புறம் மூன்று வாலோடு ஒன்று. பக்கத்திலேயே இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் மூன்றாவது! ஒருநாள் பூச்சியின் குஞ்சுகள். இறக்கை முளைத்து வெளியே வந்தால் ஒரே நாள் வாழ்க்கை. ஆனால் அதற்கு முன்னால் குஞ்சாகத் தண்ணீருக்கடியில் ஒரு வருடம் போல இருக்கும். நல்ல தண்ணீர் இல்லாவிட்டால் எட்டிக்கூடப் பார்க்காது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பெருக்க வந்தவரைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டேன். அவர் துடைப்பத்தோடு சுற்றினார்.

அதோடு நின்றிருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு என்றைக்குத் தெரிந்தது? உடனே அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, பாஸ்!"

"நிஜமாவாடி?"

"கண்ணால பார்த்துட்டேன். மூணு இருக்கு."

அந்தப் பக்கம் விசில் ஊதினாள். முப்பது பிள்ளைகளும் ஹோவென்று கத்தினார்கள். எதற்குக் கத்துகிறோம் என்று பாவம், ஒன்றுக்கும் தெரிந்திருக்காது.

போனை வைத்துவிட்டு, பெயர் எழுதலாம் என்று முதல் குஞ்சை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தேன். உடம்பு தட்டையாக, இஸ்திரி போட்டாற்போல் இருந்தது. கண் இரண்டும் தலை உச்சியில். இது ஓடையில் கல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஓடும் தண்ணீரில் வாழ்கிற இனம். இதை ஏரிச்சேற்றில் விட்டால் ஒரு மணி நேரம் தாங்காது. பத்து மார்க் வாங்குகிற சீமான் எங்கள் ஏரிக்கு நடந்து வந்திருக்க முடியாது, யாரோ கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

படகுக் கொட்டகைக்குப் போனேன். என் வீட்டுக்காரர் கவிழ்த்துப் போட்ட படகின்மேல் உட்கார்ந்து கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, சாம்பிள் எடுத்த அன்னைக்கு முதல்ல எங்க போனீங்க?"

"ஓடைக்கு. அங்க சாம்பிள் எடுத்துட்டு ஏரிக்கு வந்தேன். எப்பவும் போறதுதானே?"

"நடுவுல சல்லடையைக் கழுவினீங்களா?"

கயிறு நின்றது. "உதறினேன்."

"உதறினீங்களா? அது என்ன சட்டையா? உதறி மாட்டிக்கிட்டுப் போறதுக்கு?"

"நல்லாத்தாம்மா உதறினேன். ஒரு பூச்சிக்குப் போய் இப்படிக் கத்தறியே."

"ஒண்ணு இல்ல, மூணு! ஓடைப் பூச்சி மூணை ஏரிக் கணக்குல சேர்த்து விட்டிருக்கீங்க. அக்காகிட்ட வேற சொல்லித் தொலைச்சிட்டேன்!"

வானத்துக்கும் பூமிக்கும் குதித்தேன். இருபத்தாறு வருடத்தில் என் தட்டிலிருந்து ஒரு தப்புப் போனதுண்டா, உங்கள் கையில் ஒரு காரியத்தைக் கொடுத்துவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கியதுண்டா என்று கொட்டகை அதிரக் கேட்டேன். அவர் போட்ட முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டார். கொஞ்சம் பதில் பேசியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

எங்கள் அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் ரப்பர் ஸ்டாம்ப். முத்திரை இல்லாத காகிதத்தை அவர் தொடமாட்டார். பெருக்க வந்தவர் சொல்லிக் கேள்விப்பட்டாரோ என்னவோ, நான் போகும்போதே முத்திரையை மையில் ஒற்றிக்கொண்டிருந்தார்.

"அடிக்காதீங்க சார். அந்தச் சாம்பிள் செல்லாது."

அவர் கை அந்தரத்தில் நின்றது. விஷயத்தைக் கேட்டுவிட்டு விதிப் புத்தகத்தைப் புரட்டினார். மறு சாம்பிள் ஒரே ஒரு முறை எடுக்கலாம், ரிப்போர்ட் வெள்ளிக்கிழமைக்குள் நகரசபைக்குப் போய்விட வேண்டும்.

அக்காவிடம் எப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். குளத்தருகே விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சிரித்த முகமாக நின்றிருந்தாள். நான் சொல்லச் சொல்ல அந்தச் சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் முகத்திலேயே தங்கியிருந்தது.

"அப்போ பாஸ் இல்லையா?"

"இல்லக்கா. அது நம்ம ஏரியோடதே இல்ல."

"உறுதியாத் தெரியாம எதுக்குடி போன் பண்ணே?"

எனக்கு அழுகை வந்தது. அவள் பெருமூச்சு விட்டு, "மறுபடி எப்போ அள்ளப் போறீங்க?" என்றாள்.

"நாளைக்கு."

"நானும் வரேன். உங்க ரெண்டு பேரையும் நம்பினா வேலைக்கு ஆகாது."

மறுநாள் காலையில் மூன்று பேரும் படகில் போனோம். என் வீட்டுக்காரர் சல்லடையைப் பிரஷ் போட்டுத் தேய்த்தார். மூன்று தண்ணீரில் அலசினார். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டி, "நீயே பார்த்துக்கோ, தாயே" என்றார். ஐந்து இடத்திலும் சேறு அள்ளி, அலசி, பாட்டிலில் போட்டோம். கடைசிப் பாட்டில் முடிந்ததும் ஸ்பிரிட் கேனைத் தேடினேன்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"சல்லடை கழுவற மும்முரத்துல..." என்று இழுத்தார்.

கேன் கூடத்திலேயே இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை ஏரிக்குள் தள்ளியிருப்பேன், படகை ஓட்ட வேறு ஆள் இருந்திருந்தால். உயிரோடு பாட்டிலில் விட்டால் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடும். கூடத்துக்குக் கொண்டுபோகிற வரைக்கும் தாங்காது. வேறு வழியில்லாமல் கரைக் கொட்டகையில் மேஜை போட்டு, வெள்ளைத் தட்டை வைத்து, உயிரோடு இருக்கும்போதே பொறுக்க உட்கார்ந்தேன். இத்தனை வருடத்தில் அப்படி நான் செய்ததே இல்லை.

நெளிவதும் ஓடுவதும் ஒளிவதுமாகத் தட்டு சந்தைக்கடையாக இருந்தது. முதல் நாலு தட்டில் பழைய ஏழு இனம்தான். ஐந்தாவது தட்டிலும் அதேதான். மூன்று புள்ளி மூன்று. கிடுக்கியைக் கீழே வைத்துவிட்டேன். அக்கா படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நான் பொறுக்கி முடித்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏய், இந்தத் தூசி நடக்குதுடி."

"தண்ணி ஆடுதுக்கா."

"தண்ணி ஆடினா எல்லாத் தூசியும்தானே ஆடணும்? இது மட்டும் நடக்குது."

"சும்மா இருக்கா, எனக்கே மனசு சரியில்ல."

"நீ முதல்ல பாரு. அப்புறம் மனசைப் பார்த்துக்கலாம்."

பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தேன். அரிசியில் பாதிகூட இல்லை. உடம்பு முழுக்கச் சேறு பூசிக்கொண்டு, சேற்றோடு சேறாக, அவசரமே இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. மெல்லிய பிரஷால் தடவிவிட்டேன். பின்னால் மூன்று வால். முதுகில் சதுரமாக இரண்டு மூடி. சேறு அடைத்துக்கொள்ளாமல் செவுளை மூடிக் காப்பாற்றுவதற்கு அந்த மூடி. ஒருநாள் பூச்சியிலேயே சேற்றில் வாழ்வதற்கென்று பிறந்த இனம். ஓடைக் கல்லில் இதற்கு ஒரு வேலையும் இல்லை. இது எங்கள் ஏரியின் சொந்தக் குடிமகன். ஏழு மார்க்.

ஏழு இனத்துக்கு இருபத்து மூன்று, இதோடு சேர்த்து எட்டு இனத்துக்கு முப்பது. மூன்றே முக்கால்!

இந்த முறை நான் கத்தவில்லை. ஐந்து தட்டையும் மறுபடி கிளறி, பதினேழு குஞ்சுகள் எடுத்து, ஒவ்வொன்றின் மூடியையும் பார்த்து, இரண்டு முறை கூட்டிப் பார்த்த பிறகுதான் தலையை நிமிர்த்தினேன்.

"பாஸ்கா."

"போன தடவை மாதிரியா?"

"இல்ல. இது பாஸ்."

அக்கா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். பிறகு என் வீட்டுக்காரர் தோளில் ஓங்கி ஒரு அடி கொடுத்தாள். "மாப்ள, நீங்க மறந்ததுக்கு நல்லா இருப்பீங்க!" அவர் அசடு வழிந்தார். அன்றைக்கு எங்கள் மூன்று பேருக்கும் பூமியில் கால் பாவவில்லை.

கூடத்துக்கு வந்து ரிப்போர்ட் எழுதும்போதுதான் அந்த நினைப்பு வந்தது. உயிரோடு இருந்ததால் நடந்தது, நடந்ததால் அக்கா கண்ணில் பட்டது. ஸ்பிரிட்டில் செத்துக் கிடந்தால்? பொறுக்கியதுபோக மிஞ்சும் குப்பையை இரண்டு வருடம் பாட்டிலில் வைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. எடுத்து மறுபடி பார்க்க யாருக்கும் வேலை வந்ததில்லை, ஏனென்றால் பொறுக்கியது நான். அலமாரியைத் திறந்து முந்தின இரண்டு வருடத்துப் பாட்டில்களையும் எடுத்தேன்.

போன வருடத்துக்கு முந்தின வருடப் பாட்டிலில் ஒன்றும் இல்லை. போன வருடத்தில், தூசி என்று நான் ஒதுக்கிய குப்பையை ஊசிமுனையால் பிரிக்கப் பிரிக்க, ஒன்று. இரண்டு. நாலு. ஆறு. முதுகில் மூடியோடு, மூன்று வாலோடு.

போன வருடமே ஏரி மூன்றே முக்கால் வாங்கியிருந்தது. ஃபெயில் போட்டவள் நான்.

முகமெல்லாம் எரிந்தது. என்னைப்போல வெட்கங்கெட்டவள் உண்டா? மூன்று பூச்சிக்காக அந்த மனுஷனை என்ன பேச்சுப் பேசினேன்! கொட்டகையில் கேட்ட கேள்விகளெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து என் மேலேயே விழுந்தன. அடுத்த வருடம் அந்தப் பாட்டிலையும் கொட்டிக் கழுவிவிடுவார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் பேசாமல் மூடி வைத்துவிடலாமா என்றுதான் நினைத்தேன். அப்போது என் வீட்டுக்காரர் இரண்டு டம்ளர் டீயோடு வந்தார். நகர்ந்து இடம் விட்டேன். அவர் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தார், பாட்டிலின் தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான் சல்லடையைக் கழுவல. நீ கண்ணைக் கழுவல. சரியாப் போச்சு" என்றார்.

"நேத்து அவ்வளவு பேசினேனே. மன்னிச்சிருங்க."

"இன்னொரு தடவை சொல்லேன். இந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை வருஷமாச்சு!" என்று சிரித்தவர், சிரிப்பை நிறுத்திவிட்டு, "அக்காகிட்ட சொல்லப் போறியா?" என்று கேட்டார்.

"சொல்லாம எப்படிங்க அவ முகத்துல முழிக்கிறது?"

ரப்பர் ஸ்டாம்ப்பிடம் போன வருடத்து ரிப்போர்ட்டைத் திருத்த எழுதிக் கொடுத்தேன். தன் முத்திரை விழுந்த காகிதத்தில் தப்பா என்று மனுஷர் ஆடிப்போய்விட்டார். ஆனால் இரண்டு ரிப்போர்ட்டும் அன்றைக்கே நகரசபைக்குப் போயின.

அக்காவிடம் மாடிப்படியில் சொன்னேன். அவள் மேல்படியில், நான் கீழ்ப்படியில். முழுக்கக் கேட்டாள். நான் எதிர்பார்த்த மாதிரி திட்டவில்லை.

"போன வருஷம் எனக்குக் கை முழுசாத் தூக்க முடிஞ்சதுடி" என்றாள். அவ்வளவுதான். மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அதற்குப் பிறகு இரண்டு வாரம் அக்கா என்னோடு பேசவில்லை. கீழே வந்தால் என் வீட்டுக்காரரிடம்தான் பேச்சு. "மாப்ள, உங்க வீட்ல உப்பு இருக்கா?" நான்தான் எடுத்துக் கொடுப்பேன். வாங்கிக்கொள்வாள், என் பக்கம் திரும்பமாட்டாள்.

வேலியை எடுக்கிற அன்றைக்கு விடிந்ததும் கதவைத் தட்டினாள். நீச்சல் உடை, தோளில் துண்டு.

"வரியா?" என்று கேட்டாள். அவ்வளவு நாளில் அதுதான் முதல் வார்த்தை. நான் செருப்பைக்கூட மாற்றாமல் பின்னாலேயே ஓடினேன்.

நகரசபை ஆட்கள் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முடிக்கும்வரை அக்கா காத்திருக்கவில்லை. கிடைத்த இடைவெளியில் நுழைந்து இறங்கிப் போய்விட்டாள். நான் கரையில் நின்று பார்த்தேன். இடது கை அழகாக மேலே எழும்பி விழுந்தது. வலது கை பாதி வரைக்கும்தான் வந்து, பக்கவாட்டில் தண்ணீரைத் தள்ளியது. ஆனாலும் சுவர் எதுவும் குறுக்கே வராமல் போய்க்கொண்டே இருந்தாள். தலை சின்னப் புள்ளியாகிற வரைக்கும் போனாள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அந்தப் பாதிக் கையைப் பார்க்கும்போதெல்லாம் வெட்கமாகவும் இருந்தது.

திரும்பி வந்தவள் மார்பளவுத் தண்ணீரில் எழுந்து நின்று மூச்சு வாங்கினாள். முகம் தெளிந்திருந்தது.

"போன வருஷமா இருந்தா எதிர்க்கரை வரைக்கும் போயிருப்பேன்."

"தெரியும்கா."

"எனக்கு இன்னும் கோவம் போகல."

"போக வேணாம். வச்சுக்கோ. நான் என்ன கேட்டேனா?"

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னையே முறைத்துப் பார்த்தாள். அப்போதுதான் கவனித்தேன். இரண்டு பாதத்தையும் சேற்றில் நன்றாக ஊன்றிக்கொண்டு நின்றிருந்தாள். அவளைச் சுற்றித் தண்ணீர் பழுப்பாகக் கலங்கி எழும்பியது.

"அய்யோ அக்கா, காலைத் தூக்கு! அதுங்க மேல நிக்கிற!"

அக்கா குனிந்து தண்ணீருக்குள் பார்த்தாள். சட்டென்று இரண்டு காலையும் தூக்கி மல்லாந்து மிதந்தாள். என்னுடைய ஐம்பத்து மூன்று வருடத்தில், நான் சொன்ன ஒன்றை அக்கா மறுபேச்சில்லாமல் கேட்டது அதுதான் முதல் தடவை.